தலைமாட்டில் வைத்த பவுடர் டப்பா

"பிரிட்ஜ் கதவ முட்டியால ஒரு தட்டு தட்டு, யசோ. கையால சாத்துனா சாத்துன மாதிரி காட்டும், அவ்ளோதான்."

வியாழக்கிழமை காலை என் கணவர் அன்புமணி என்னிடம் சொன்னது இது. வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவின் கீழ்மூலையில் முழங்காலால் தட்டினேன். ரப்பர் ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அது அவர் காதிலும் விழுந்த பிறகுதான் படியிறங்கினார்.

அன்று முற்பகலில் மாத்தூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். டீ சொல்லியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்த கடைக்காரர், ஆறாமல் இருக்கட்டும் என்று டம்ளர் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

போன வாரம் வரை இந்தத் தொடரில் அவர் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தார். இனி அவர் இல்லாமல்தான் இதை எழுத வேண்டும்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ஒரே மகள் மகிழினி, கல்லூரியில் படிக்கிறாள். அன்புமணியின் தம்பி பீம்ராவ் அதே பிளாக்கில் தரைத்தளத்தில் இருக்கிறான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டுகிறான். அன்புமணி ஒரு விவசாய ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளர். களையைக் கொல்வது அவர் வேலை இல்லை. களைக்கு விதை பிடிக்காமல் செய்வது.

அந்தக் களைக்கு எங்கள் பக்கத்தில் கப்பல் கீரை என்று பெயர். துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுத் தானியத்தோடு வந்து, லாரியிலிருந்து சிந்தி, ரோட்டோரமாகவே மாத்தூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பார்கள். கீரை போடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பேஜாரு கிடையாது. முளைக்கும்போது முளைக்கீரை மாதிரியே இருக்கும். மருந்து அடித்தால் கீரையும் சேர்ந்து சாகும். அடையாளம் தெரிகிற உயரத்துக்கு வளரவிட்டுப் பிடுங்கினால் பக்கத்துக் கீரை வேரோடு வரும். சும்மா விட்டால் ஒரே செடி லட்சக்கணக்கில் விதை கொட்டும்.

ஆனால் பனையைப் போல அதிலும் ஆண் தனி, பெண் தனி. ஆண் பூவின் தூளைத் தட்டிச் சேர்த்து அன்புமணி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். அங்கே அதற்குக் கதிர்வீச்சு காட்டுவார்கள். திரும்பி வரும் தூளுக்கு உயிர் இருக்கும், விதை பிடிக்கவைக்கும் சக்தி இருக்காது. அதை முகப்பவுடரில் சேர்க்கிற வெள்ளைத் தூளில் கலந்து பெண் பூக்கள் மேல் தூவுவார். காற்றில் நல்ல தூள் வருவதற்கு முன்னால் இது போய் உட்கார்ந்துகொள்ளும். வந்த வேலை முடிந்துவிட்டது என்று பூ மூடிக்கொள்ளும். பிறகு விரலில் வைத்துத் தேய்த்தால் உமிதான் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

தெருவில் அவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபீசர் என்று பேர் வைத்திருந்தார்கள். அவரும் விடமாட்டார். ஆபரேஷன் இல்லாமலே செய்கிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் வாங்கப்பா என்பார்.

தூவுவதற்குக் காலி பவுடர் டப்பாதான் தோது. மூடியில் ஓட்டைகள் இருக்கும், திருகினால் அடைத்துக்கொள்ளும். பிளாக்கில் யார் வீட்டில் பவுடர் தீர்ந்தாலும் டப்பா எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தூள் குளிரிலும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். மாத்தூர்த் தோட்டத்துக் கொட்டகையில் கரண்ட் இல்லை. அதனால் எங்கள் பிரிட்ஜில் முட்டைக்குக் கீழே வைத்திருந்தார்.

சோதனை நடந்தது பூவம்மாவின் கீரைத் தோட்டத்தில். அது குத்தகை நிலம். கண்டெய்னர் லாரிகள் நிறுத்த இடம் தேடி ஆட்கள் நிலத்துக்காரரிடம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவையும் கப்பல் கீரை விதை கொட்டினால் நிலத்தை லாரிக்கு விட்டுவிடுவேன் என்று அவர் பூவம்மாவிடம் சொல்லியிருந்தார். இரண்டு சுற்று தூவி ஆகிவிட்டது. நுனியில் கடைசியாக மலரும் பூக்களுக்கு மூன்றாவது சுற்று பாக்கி. வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள். அதற்காக இரண்டு டப்பா பிரிட்ஜில் தயாராக இருந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் அவரைக் கொண்டுவந்தார்கள்.

ஐஸ் பெட்டியை மூன்று மாடி ஏற்ற முடியாது. பீம்ராவ் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அங்கேயே வைத்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் வீடு மேலே திறந்து கிடந்தது. வந்தவர்கள் தண்ணீர் குடிக்க, முகம் கழுவ, செல்போனுக்குச் சார்ஜ் போட மேலே போய் வந்தார்கள். அவருடைய சட்டை, சீப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் பீம்ராவ்தான் எடுத்துவந்தான். குளிப்பாட்டி, சட்டை மாட்டி, தலை சீவி, பவுடர் போட்டது அவன்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை.

சாயங்காலம் பூவம்மா வந்தாள். மாலை போட்டுவிட்டுப் பெண்களோடு உட்கார்ந்தவள் அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை. திட்டத்து மேடம் போனில் பேசினார். இந்த நேரத்தில் சோதனையைப் பற்றி நினைக்க வேண்டாம், இந்தத் தோட்டத்தை இந்தப் பருவத்துக்கு விட்டுவிடலாம் என்றார். புதுத் தூள் அனுப்ப ஒரு வாரம் ஆகுமாம். அதற்குள் பூக்கள் காத்திருக்காது. நல்ல மனுஷி, அழுதார். பூவம்மாவுக்கு அவர் பேசியது கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பிளாக்குக்கு எதிரே தண்ணீர் டேங்க் பக்கம் வானம் வெளுத்தது. பூவம்மா ஒருமுறை தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள்.

நான் கவனித்தேன். மகிழினியும் கவனித்திருக்கிறாள். என் காதோரம் குனிந்து, "மா, டப்பா," என்றாள்.

இரண்டு பேரும் மேலே போனோம்.

பிரிட்ஜ் கதவு சாத்தின மாதிரி இருந்தது. இடுக்கில் உள்விளக்கு எரிவது தெரிந்தது. தரையில் தண்ணீர் தேங்கி, யாரோ அதன் மேல் ஒரு கால்மிதியைப் போட்டிருந்தார்கள். உள்ளே முட்டைகள் வியர்த்திருந்தன. ஒரே ஒரு டப்பாதான் இருந்தது.

மகிழினி அதை எடுத்துக் காதருகே ஆட்டினாள். அது அவர் வழக்கம். நல்ல தூள் உள்ளே சரசரவென்று ஓடும். ஈரம் இழுத்துவிட்டால் கட்டியாகிவிடும். கட்டினால் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அவள் இரண்டாவது தடவை ஆட்டினாள். உள்ளே ஒரு கட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் இடித்தது.

"இன்னொண்ணு எங்கமா?"

அலமாரியில் தேடினோம். குளியலறையில் தேடினோம். எனக்கு அப்போதும் தோன்றவில்லை. கீழே வந்து பெட்டிக்குள் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அன்புமணி வெயிலில் கறுத்த மனிதர். கண்ணாடிக்குள் அவர் முகம் வெளுப்பாக, லேசான மஞ்சளாக இருந்தது. கழுத்திலும், சட்டைக் காலரிலும், மார்பிலும், போர்த்தியிருந்த வெள்ளைத் துணியிலும் தாராளமாகக் கொட்டியிருந்தது. தலைமாட்டில் சீப்பு, கண்ணாடி. நடுவில் பவுடர் டப்பா.

மகிழினி சிரித்துவிட்டாள். பெண்கள் அதை அழுகை என்று நினைத்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் பீம்ராவைத் தனியாகக் கூப்பிட்டேன். டப்பா எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். பிரிட்ஜில்தான் என்றான். தண்ணீர் பாட்டில் எடுக்கத் திறந்தானாம், கண்ணில் பட்டதாம். இந்த வெயிலுக்கு ஜில்லென்று போட்டுக்கொள்வார் போல என்று நினைத்திருக்கிறான். அண்ணன் பூந்தூள் தூவுகிறவர் என்பது அவனுக்குத் தெரியும். அதை எதில் வைத்துத் தூவுகிறார் என்று அவன் பார்த்ததில்லை.

"வாசனையே இல்ல அண்ணி. பழசாயிட்ச்சுன்னு நெனச்சேன். அதான் கொஞ்சம் நெறைய போட்டேன்."

விஷயத்தைச் சொன்னேன். டப்பாவில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கும், அது வேண்டும் என்றேன். அவன் முகம் மாறியது.

"வாணாம் அண்ணி. அவருக்கு வச்சது. வச்சத திருப்பி எடுக்கக் கூடாது."

மகிழினி வந்து நின்றாள். "சித்தப்பா, கல்யாணத்துக்குக் கல்யாணம் மைக்கப் புட்ச்சுகினு சடங்கெல்லாம் இன்னாத்துக்குன்னு நீதான கேப்ப."

"அது கல்யாணம். இது எங்கண்ணன்."

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போட்டேன்," என்றான் பீம்ராவ். "என் கையால போட்டேன். நல்லா கீறாருன்னு அல்லாரும் சொன்னாங்கோ. இப்போ பெட்டியத் தொறந்து கைய வுட்டு எடுத்தா, இவங்கள்லாம் இன்னா நெனப்பாங்கோ? பொணத்துக்கிட்டருந்து புடுங்கறான்னு சொல்ல மாட்டாங்கோ?"

பூவம்மா எழுந்து எங்களிடம் வந்தாள். எங்கள் பேச்சில் பாதி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். தனக்காக எடுக்க வேண்டாம் என்றாள். இந்த நிலம் போனால் வேறு நிலம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்படி வேறு நிலம் மாத்தூரில் எங்கேயும் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

எனக்கு அழுகை வரவில்லை. தலை மட்டும் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு ஏன் அன்று வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

"பீமா," என்றேன். "அது உங்கண்ணன் பவுடர் இல்ல. பூவம்மாக்கா தோட்டத்துக்குன்னு வச்சிருந்தது. அடுத்தவங்க பொருள எடுத்துக்கினு போற ஆளா அவரு?"

அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு புதுப் பவுடர் டப்பா இருந்தது. மூலைக்கடையில் அப்போதுதான் கதவு திறந்திருந்தார்கள்.

பறையடிக்க வந்தவர்கள் எதிர்ப்புறம் தீயில் தோலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் வந்ததைப் பார்த்து அதை நிறுத்தினார்கள். பீம்ராவ் பெட்டியின் மேல்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். புது டப்பாவைத் தலைமாட்டில் வைத்தான். பழையதை எடுத்து மகிழினியிடம் கொடுத்தான்.

அவள் காதருகே ஆட்டினாள். சரசரவென்று ஓடியது.

"ஐஸ் பொட்டில ராவெல்லாம் ஜில்லுனு இருந்துகீது," என்றாள். "பிரிட்ஜில இருந்திருந்தா இதுவும் போயிருக்கும்."

பீம்ராவ் அதோடு விடவில்லை. மேலே ஆள் அனுப்பி அண்ணனின் ஷேவிங் பிரஷை எடுத்துவரச் சொன்னான். காய்ந்த பிரஷ். ஒரு செய்தித்தாளை மடித்து மார்பருகே பிடித்துக்கொண்டு, சட்டையிலும் துணியிலும் கிடந்த தூளை மெதுவாகக் கூட்டிச் சேர்த்தான். இரும்புத் தகடு வெட்டுகிற கை. அப்படி ஒரு நிதானத்தை அந்தக் கையில் நான் பார்த்ததில்லை. காலர் மடிப்பைப் பிரித்துக்கூடக் கூட்டினான்.

பிளாக் செயலாளர் மனோகரன் எட்டிப் பார்த்து, இன்னா பண்றான் இவன் என்று பொதுவாகக் கேட்டார். பிறகு அவரும் நின்று பார்க்கத் தொடங்கினார்.

கழுத்து வரைக்கும் வந்த பிரஷ் நின்றது.

"மூஞ்சிய வுட்டுர்றேன் அண்ணி," என்றான்.

விடு என்றேன்.

காகிதத்தை மடக்கிச் சேர்ந்ததை மகிழினி டப்பாவுக்குள் சரித்தாள். முழு டப்பாவும் இல்லை. தேவையானதில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும். டீக்கடையிலிருந்து முந்தின நாள் ஓட்டிவந்த அவருடைய பைக் பந்தலுக்கு வெளியே நின்றது. மகிழினி அதை எடுத்தாள். பூவம்மா பின்னால் ஏறிக்கொண்டு டப்பாவை ஈரம் படாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பன் பெட்டியில் கிடக்கும்போது பெண் பைக்கில் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை. அடுத்த மாலையோடு ஆள் வந்துவிட்டது.

தோட்டத்தில் நடந்ததை மகிழினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அங்கே போனபோது வெயில் இன்னும் வேலியைத் தாண்டவில்லை. காற்று ரோட்டுப் பக்கமிருந்து வந்தது. ரோட்டோரத்தில் பிடுங்குவாரில்லாத ஆண் செடிகள் இருக்கின்றன. நல்ல தூள் அங்கிருந்துதான் வரும். ஆகவே ரோட்டுப் பக்கத்து வரிசைகளிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு பூக்கதிரையும் பூவம்மா வளைத்துப் பிடிக்க, மகிழினி நுனியில் இரண்டு தட்டு தட்டினாள். அப்பா மூன்று தட்டுவார். இரண்டு போதுமா என்று தெரியவில்லை. மூன்று தட்டினால் கிணற்றடி வரை வராது.

இரண்டு தட்டியும் வரவில்லை. கிணற்றுக்கு முந்தின பாத்தியோடு தீர்ந்துவிட்டது. தீர்ந்த இடத்தில் பூவம்மா முந்தானையிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து அடையாளம் கட்டினாள். நூலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் செடிகளைக் கீரை போனாலும் போகட்டும் என்று அவளே பிடுங்கத் தொடங்கினாள். மகிழினியும் சேர்ந்து பிடுங்கினாள். கீரையும் வேரோடு வந்தது.

பிடுங்கிக்கொண்டே வேலி ஓரம் போனபோதுதான் அதைப் பார்த்திருக்கிறார்கள். தரையில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு. ரோட்டிலிருந்து தொடங்கி, வேலிக்கு அடியில் நுழைந்து, தோட்டத்துக்குள் லாரி திரும்புகிற அகலத்துக்கு வளைந்து, தூவி முடித்த பாத்திகளுக்குக் குறுக்காகப் போயிருந்தது. முந்தின நாள் அது இல்லை என்று பூவம்மா சொன்னாள். அவள் எங்கள் பந்தலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் யாரோ வந்து போட்டிருக்கிறார்கள்.

"நீ இன்னா பண்ணக்கா?" என்று நான் பிறகு பூவம்மாவைக் கேட்டேன்.

"இன்னா பண்றது. தாண்டி வந்தேன்," என்றாள்.

அவரை எடுப்பதற்கு முன்னால் திரும்பி வந்துவிட்டார்கள். மகிழினியின் விரல்களில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பீம்ராவின் விரல்களிலும் இருந்தது. பீம்ராவ் முன்னால் நின்று புத்தம் சரணம் சொன்னான். நாங்கள் திருப்பிச் சொன்னோம். குழிக்குள் இறக்கும்போது அவர் முகம் அப்படியே வெளுப்பாகத்தான் இருந்தது. புது டப்பாவும் கூடவே போனது.

சாயங்காலம் வீட்டைக் கழுவினார்கள். சொந்தக்காரர்கள் மேலே வந்து உட்கார்ந்தார்கள். கட்டியாகிப்போன டப்பாவை ஒருத்தி குப்பைக் கவரில் போட்டாள். நான் தடுக்கவில்லை. மகிழினி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். பூவம்மா மாத்தூருக்குக் கிளம்பும்போது, விதை கட்டுகிற சமயத்தில் வந்து நீதான் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். எப்போது என்றேன். சில வாரம் ஆகும் என்றாள். அதுவரைக்கும் அந்தக் கோடு கோடாகவே இருக்குமா என்று நான் கேட்கவில்லை.

அவள் போன பிறகு பீம்ராவ் எழுந்துபோய்ப் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தான். பாட்டிலை உள்ளே வைத்துக் கதவைக் கையால் சாத்தினான். இடுக்கில் விளக்கு எரிந்தது.

நான் எழுந்து போய்க் கீழ்மூலையில் முழங்காலால் தட்டினேன்.

இதை எழுதுகிற இன்றும் எங்கள் வீட்டில் அதே பிரிட்ஜ்தான். கையால் சாத்தினால் சாத்தின மாதிரி காட்டும்.